படகு ஜன்னலும் ஐந்தாம் மாடி ஜன்னலும்

(ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் பேசியது. செயலாளர் கேட்டுக்கொண்டதால் எழுதிக் கொடுக்கிறேன். பேசும்போது விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



"அமெரிக்கா போய்விட்டு வந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது, இன்னும் நீங்கள் ஒன்றும் பேசவில்லையே" என்று செயலாளர் கேட்டார். நயாகரா, சுதந்திர தேவி சிலை இதெல்லாம் நம் குடியிருப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டு வந்தவர்கள். நான் அவற்றைப் பார்க்கவே இல்லை. சியாட்டிலில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். அதில் நாலு மாதம் ஒரு பழைய பாய்மரப் படகின் ஜன்னல்களை மாற்றுவதில் போயிற்று. அதைத்தான் சொல்லப் போகிறேன். முன்னாள் பொருளாளர் என்கிற முறையில் சொல்ல வேண்டிய வேறொன்றும் அதில் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

முதலில் படகு. என் மகன் நண்பர் ஒருவரோடு பாதிப் பாதி பணம் போட்டு அதை வாங்கியிருந்தான். 27 அடி நீளம், 1978இல் கட்டியது. என்னிடம் சொல்லாமல் வாங்கியது. போய் இறங்கிய மறுநாள்தான் தெரியும். "வீட்டுக் கடன் இருக்கும்போது படகு எதற்குடா?" என்று கேட்டேன். "அப்பா, ஒரு பழைய கார் விலைகூட இல்லை" என்றான். பழைய கார் என்றால் ஓடும், இது ஒழுகுகிறதே என்றேன். அதோடு இரண்டு மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. மருமகளும் என் கட்சிதான். கேபினுக்குள் படுக்கும் பலகை மெத்தை எப்போதும் ஈரம், அதில் ஒரு இரவுகூடப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டிருந்தாள்.

அந்த ஊரில் படகு நிறுத்துமிடத்தை மரீனா என்கிறார்கள். சுண்டலும் குதிரையும் உள்ள நம் மெரீனா இல்லை. நீளமான மிதவை நடைபாதைகள், இரண்டு பக்கமும் வரிசையாகப் படகுகள், கார் பார்க்கிங் மாதிரி எண் போட்ட இடங்கள், மாத வாடகை. ஷில்ஷோல் பே என்ற இடத்தில் இவன் படகு நின்றது. எதிரே கடலுக்கு அப்பால் ஒலிம்பிக் மலைகள், மே மாதத்திலும் பனியோடு. இடம் அழகு, அதை மறுக்க மாட்டேன்.

அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் படகுகளில் ஒரு விசேஷம். உடம்பு ஐம்பது வருஷம் ஆனாலும் கெடுவதில்லை. கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகியது, துருவும் பிடிக்காது, கறையானும் அரிக்காது. ஆனால் அந்த உடம்பில் துளை போட்டு எதையெல்லாம் பொருத்தினார்களோ அங்கெல்லாம் வயது தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய துளை ஜன்னல்.

ஜன்னல் என்றால் கண்ணாடி இல்லை. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயர்களில் 1930களில் சந்தைக்கு வந்த பொருள். வெயிலிலும் உப்புக் காற்றிலும் நாற்பது வருஷம் கிடந்தால் அதற்குள் மயிரிழை மாதிரி ஆயிரக்கணக்கில் விரிசல் விழும். காலையில் சூரியன் சாய்வாகப் படும்போது இவன் படகின் ஜன்னல் ஒவ்வொன்றும் சில்லுச் சில்லாக உடைந்த ஐஸ் கட்டி போல மின்னியது. அழகாக இருக்கிறதே என்று நான் சொன்னதும் மகன் சிரித்துவிட்டான். விரிசல் விழுந்த அக்ரிலிக்கில் பலம் போய்விட்டது என்று அர்த்தமாம். கேபினுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது அந்த ஆறு மில்லிமீட்டர் தகடு மட்டும்தான். ஒரு கன மீட்டர் கடல் தண்ணீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. இன்னொரு விஷயமும் சொன்னான். பெரிய அலை வந்து மோதுகிற பக்கத்து ஜன்னல்தான் உடையும் என்று நாம் நினைப்போம். அனுபவப்பட்ட மாலுமிகள் சொல்வது வேறு. அலை படகைத் தூக்கி எறியும்போது படகு எந்தப் பக்கமாகத் தண்ணீரில் விழுகிறதோ, அந்தப் பக்கத்து ஜன்னல்தான் பெரும்பாலும் உடைகிறது. அதைக் கேட்ட பிறகுதான் இது விளையாட்டுச் செலவு இல்லை என்று எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளை இதில் ஏறிக் கடலுக்குப் போகிறானே.

சியாட்டில் மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை ஊர் என்று பெயர். கணக்குப் பார்த்தால் வருஷத்துக்குச் சுமார் 950 மில்லிமீட்டர். நம் சென்னைக்குச் சுமார் 1,400. நாம்தான் அதிகம். ஆனால் நமக்குப் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை தூறிக்கொண்டே இருக்கும், காய நேரம் கிடையாது. அதனால் இந்த வேலையைக் கோடையில் முடித்தாக வேண்டும்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதில் ஆரம்பித்தோம். இங்கேதான் எனக்குச் சுவாரசியம் பிறந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அரையாண்டுக் கணக்கு முடிக்கும்போது பேலன்ஸ் 27 ரூபாய் உதைக்கும். அந்த 27 ரூபாய் எங்கே இருக்கிறது என்று இராத்திரி பதினொரு மணி வரை லெட்ஜரைப் புரட்டுவோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ இலக்கத்தை மாற்றிப் போட்டிருக்கிறார், 41ஐ 14 என்று எழுதியிருக்கிறார் என்று ஒரு சந்தேகம். அந்த மாதிரி படகுக்காரர்களுக்கும் ஒரு வித்தை இருக்கிறது. தோட்டத்தில் இலைச் சருகு ஊதித் தள்ளும் மெஷினைக் கேபின் வாசலில் அட்டை கட்டிப் பொருத்தி, மற்ற திறப்புகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றுவார்கள். வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால், எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே குமிழி கிளம்பும். சைக்கிள் ட்யூப் பஞ்சர் பார்க்கிற அதே கதை, தலைகீழாக.

குமிழி எங்கே வந்தது என்றால், உள்ளே ஈரம் தெரிந்த இடத்தில் இல்லை. மெத்தைக்கு நேர் மேலே இருந்த ஜன்னல் சுத்தமாக இருந்தது. அதற்கு முன்னால் உள்ள ஜன்னலின் மேல் மூலையில்தான் குமிழி பொங்கியது. தண்ணீர் அங்கே நுழைந்து, சுவருக்குள்ளேயே இரண்டடி நடந்து, இங்கே வந்து சொட்டியிருக்கிறது. கேபின் கூரையில் பிடித்துக்கொள்ளும் மரக்கம்பி ஒன்று உண்டு, அதன் திருகு ஒன்றிலும் லேசாகக் குமிழி. அதைக் குறித்து வைத்தோம், பிறகு மறந்துவிட்டோம்.

பழைய ஜன்னலைக் கழற்றியபோது நான் பார்த்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று விதப் பூச்சு. அடியில் படகு கட்டியபோது வைத்தது, காய்ந்து பொடியாகியிருந்தது. அதன் மேல் ஏதோ கறுப்புப் பசை. எல்லாவற்றுக்கும் மேலே, குளியலறைக்குப் போடும் வெள்ளை சிலிக்கான், விரலால் இழுத்த அடையாளத்தோடு. முந்தைய சொந்தக்காரர்கள் ஒவ்வொரு முறை ஒழுகியபோதும் வெளியிலிருந்து ஒரு கோடு பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தோம்: சஸ்பென்ஸ் கணக்கு. வித்தியாசம் எங்கே என்று தேடாமல், தொகையைத் தற்காலிகமாக அதில் தள்ளிப் பேலன்ஸை நேராக்கிவிடுவது. ஆடிட்டர் வரும் வரை நிம்மதி.

வெளியே பூசியதால் தண்ணீர் நிற்கவில்லை. உள்ளே போன தண்ணீருக்குத் திரும்பி வர வழிதான் அடைபட்டது. கேபின் சுவர் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோலுக்கு நடுவே பிளைவுட் வைத்துச் செய்தது. ஜன்னல் விளிம்பில் மகன் ஒரு முள்கரண்டியால் குத்தினான். நனைந்த ரஸ்க் மாதிரி உள்ளே போயிற்று. அவன் முகம் வாடிவிட்டது. நான்தான் "சரி, தோண்டு, எவ்வளவு தூரம் போகிறதென்று பார்க்கலாம்" என்றேன். படகு வாங்கியதற்குத் திட்டியவன் நானே. அந்த நிமிஷத்தில் கட்சி மாறிவிட்டேன்.

அழுகிய மரத்தை விளிம்பு நெடுக ஒரு அங்குலத்துக்கு மேல் சுரண்டி எடுத்தோம். சில இடங்களில் மூன்று அங்குலம். இரண்டு வாரம் மின்விசிறி வைத்துக் காயவிட்டோம். பிறகு கெட்டியாக்கிய எபாக்ஸியை அந்தக் குழிக்குள் திணித்து விளிம்பை மூடினோம். பழைய திருகு துளைகளையும் அதனாலேயே அடைத்தோம். இனிமேல் தண்ணீர் நுழைந்தாலும் மரத்தைத் தொடாது. பழைய சிலிக்கானைச் சுரண்டுவதுதான் சலிப்பான வேலை. சிலிக்கான் பட்ட இடத்தில் வேறெதுவும் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத படலம் மிச்சமிருந்தாலும் புதுப் பூச்சு உரிந்து வரும். தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. நாலு ஜன்னலுக்கு ஐந்து நாள் தேய்த்தேன். ஓய்வு பெற்றவனுக்கு ஏற்ற வேலை.

புதிய ஜன்னலுக்கு என்ன பொருள் என்பதில் பெரிய விவாதம். பாலிகார்பனேட் என்று இன்னொன்று உண்டு, லெக்ஸான் என்பார்கள். சுத்தியலால் அடித்தாலும் உடையாது. ஆனால் சீக்கிரம் கீறல் விழும், மேல்பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும். அக்ரிலிக் அவ்வளவு அடி தாங்காது, வெயிலைத் தாங்கும். மகன் அக்ரிலிக் என்று முடிவு செய்தான், முன்பைவிடக் கனமாக. பழைய ஜன்னலை வைத்தே அச்சு வரைந்து, வீட்டுக் காரேஜில் மெதுவாக அறுத்தோம். வேகமாக அறுத்தால் சூட்டில் பிளாஸ்டிக் உருகி, அறுத்த இடமே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

என் தப்பு இங்கேதான். முதல் தகடு அருமையாக வந்தது. விளிம்பை அரம் போட்டு வழுவழுப்பாக்கி வைத்திருந்தான். அதில் பென்சில் கோடும் பசையும் கொஞ்சம் இருந்தது. படகுச் சுவரைத் துடைக்க அசிடோன் என்ற திரவம் வைத்திருந்தோம், அதே துணியால் நான் தகட்டையும் துடைத்தேன். உதவி செய்கிற நினைப்பு. கண் முன்னாலேயே தகடு பால் ஊற்றினது போல மங்கியது, விளிம்பில் பொடிப்பொடியாக விரிசல் ஓடியது. நாற்பது வருஷ வெயில் செய்ததை நான் ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டேன். அசிடோன் மட்டுமில்லை, ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், எதுவும் அக்ரிலிக்குக் கூடாது. வெறும் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும்தான். உங்களில் பால்கனிக்கு அக்ரிலிக் தடுப்பு போட்டிருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. மங்கின தகட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் புதுத் தகட்டில் மறுபடி அச்சை வைத்து வரைய ஆரம்பித்தான். முப்பத்தெட்டு வருஷ வேலையில் எனக்குக் கீழே இருந்தவர்கள் தப்பு செய்தபோது நான் அப்படிப் பேசாமல் இருந்ததாக ஞாபகமில்லை.

பொருத்துவது பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், நமக்கும் உபயோகப்படும். அக்ரிலிக் சூட்டில் நீளும். எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டேன், வட்டிக் கணக்கு மாதிரிதான். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.07 மில்லிமீட்டர். பெரிய ஜன்னல் 90 சென்டிமீட்டர். குளிர்காலக் காலைக்கும் கோடை மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அதைப் பிடித்திருக்கும் ஃபைபர்கிளாஸ் அதில் பாதிகூட நீளாது. ஆக ஜன்னல் தினமும் தன் இடத்தில் நடந்துகொண்டே இருக்கிறது. அதை இறுக்கித் திருகினால் திருகு துளையிலிருந்து விரிசல் கிளம்பும். பூச்சைப் பிதுங்கும்படி அழுத்தினால் நடுவில் காகிதம் மாதிரி ஒரு படலம்தான் மிஞ்சும், அது கிழிந்துவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் ரப்பர் மாதிரி இழுபட்டுக் கொடுக்கும். எல்லாரும் நினைப்பதற்கு நேர்மாறு இது. இறுக்கினால் ஒழுகும், இடம் விட்டால் ஒழுகாது.

அதனால் திருகே வேண்டாம் என்று முடிவு செய்தோம். எங்கள் படகின் கேபின் சுவர் தட்டையானது, அதனால் முடிந்தது. வளைந்த சுவர் என்றால் தகடு நிமிரப் பார்க்கும், திருகு வேண்டும். வி.எச்.பி. என்ற தடித்த இரட்டைப் பக்க டேப்பைத் திறப்பைச் சுற்றி ஒட்டினோம். அது தகட்டைப் பிடிக்கவும் செய்யும், பூச்சுக்கு வேண்டிய இடைவெளியையும் காக்கும். அதற்கு வெளியே சுற்றிலும் டௌசில் 795 என்ற சிலிக்கான். இது குளியலறைச் சரக்கு இல்லை. பல மாடிக் கட்டடங்களின் வெளிப்புறக் கண்ணாடிகளைத் தாங்கிப் பிடிப்பதற்காகச் செய்தது, படகுக்காரர்கள் அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். கட்டடச் சரக்கைப் படகில் போடுகிறார்கள், நாம் கட்டடத்தில் என்ன போடுகிறோம் என்று அப்போதே ஒரு நெருடல்.

அந்த டேப் தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மருமகளும் வந்தாள். மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு தகட்டையும் வைத்தோம். ஒன்று ஒரு மில்லிமீட்டர் சாய்வு. யாருக்கும் தெரியாது, எங்கள் மூவரைத் தவிர. பத்து நாள் ஆறவிட்டு, ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். மேலிருந்து அடித்தால் எங்கே நுழைந்தது என்று தெரியாது. கீழ் விளிம்பில் பத்து நிமிஷம், பக்கத்தில் பத்து நிமிஷம், பிறகு மேலே. உள்ளே டிஷ்யூ காகிதத்தோடு நான். காகிதம் நனையவில்லை.

இனி நம் விஷயம். அந்த மரீனாவில் பக்கத்துப் படகில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் படகில் அலுமினியச் சட்டம் போட்ட, நகர்த்தும் ஜன்னல்கள். நம் வீடுகளில் இருப்பது போலவே. ஒருநாள் அவர் கம்பியால் சட்டத்தின் அடியில் எதையோ குத்திக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "நகரும் ஜன்னலுக்குள் தண்ணீர் வரத்தான் செய்யும். அடிச்சட்டத்தில் சேரும். அது வெளியே போக இந்தத் துளைகள். அழுக்கு அடைத்தால் சட்டம் நிரம்பி உள்ளே வழியும்" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் ஆறு வருஷம் இந்தச் சங்கத்தின் பொருளாளராக இருந்தேன். அதில் நாலு வருஷம் ஐந்தாம் மாடியில், மேற்கு மூலையில் இருக்கும் அம்மா ஒவ்வொரு மழைக்கும் புகார் எழுதிக் கொடுத்தார்கள். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறுகிறது என்று. மூன்று முறை ஆள் அனுப்பினேன். மூன்று முறையும் வெளியே தொங்கிக்கொண்டு வந்து சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கான் பூசிவிட்டுப் போனார்கள். மூன்று வவுச்சரிலும் என் கையெழுத்து இருக்கிறது. நாலாவது முறை அவர்கள் வந்தபோது, "உங்கள் வீட்டு ஏசி ஈரமாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். இதே அறையில், நாலு பேர் முன்னால் சொன்னேன். அதனால்தான் இதையும் நாலு பேர் முன்னால் சொல்கிறேன்.

போன அக்டோபரில், திரும்பி வந்து முதல் பெரிய மழைக்கு, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவிக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனேன். அடிச்சட்டத்தில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றது. வெளிப்பக்கம் கையை விட்டுத் தடவினால், இரண்டு வடிகால் துளையும் சிலிக்கானால் அடைபட்டிருந்தன. நாம் பணம் கொடுத்து அடைத்தது. ஈர்க்குச்சி வளைந்துவிட்டது, ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக் குத்தினேன். தண்ணீர் கொடகொடவென்று வெளியே இறங்கியது. அந்த அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். "காபி சாப்பிடுகிறீர்களா?" என்றார்கள்.

அதோடு தீரவில்லை. வழிவது நின்றது, சுவர் ஊறுவது பாதிதான் நின்றது. சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள சிமெண்ட் விட்டுப்போயிருக்கிறது. அதற்குச் சட்டத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இந்தப் பிப்ரவரியில் புதுக் கமிட்டி அந்த ஒரு ஜன்னலை மட்டும் கழற்றிப் பார்க்கச் சம்மதித்தது. உள்ளே என்ன இருந்தது என்று போட்டோ வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். மேற்குப் பக்கம் அதே காலத்தில் பொருத்திய ஜன்னல்கள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. எத்தனை வீட்டில் துளை அடைபட்டிருக்கிறது என்று இந்த வாரமே பார்த்துவிடலாம், செலவில்லை. கழற்றிப் பொருத்துவதற்கு இரண்டு மதிப்பீடு வாங்கியிருக்கிறார்கள், அதைச் செயலாளர் சொல்வார். நான் பொருளாளராக இருந்திருந்தால் பூச்சுக்கான மதிப்பீட்டைத்தான் எடுத்திருப்பேன், அது மூன்றில் ஒரு பங்குதான்.

படகு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நவம்பரில் மகன் வீடியோ அனுப்பினான். வெளியே தூறல், நாலு ஜன்னலும் காய்ந்து இருக்கின்றன. ஆனால் கூரையிலிருந்து ஒரு சொட்டு. அந்த மரக்கம்பித் திருகு, நாங்கள் குறித்துவிட்டு மறந்த அதே இடம். மருமகள் இரண்டு இரவு படகில் படுத்தாளாம், சொட்டு விழாத பக்கமாக.

ஐந்தாம் மாடி அம்மாவை நேற்று லிஃப்டில் பார்த்தேன். நாலு வருஷத்துக்கு முன் ஜன்னலடியிலிருந்து கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியவர்கள், இன்னும் பழைய இடத்துக்கு மாற்றவில்லை. வாட்ச்மேனை அனுப்பட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் சார், இந்த மழையும் வந்து போகட்டும்" என்றார்கள்.